இடது பக்கப் படம்

டுசல்டோர்ஃப்
12.5.1984

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் கீல் நகரில் சுகமாகத்தான் இருப்பீர்கள், சுகமில்லாமல் போனால் அல்லவா உறவினர் நினைவு வரும். பங்குனியில் நான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். எங்கள் அகதி விடுதியில், ஹைம் என்பார்கள் இங்கே, பக்கத்து அறையில் இருக்கும் புஸ்பவதி அக்காவுக்குக் கொழும்பிலிருந்து பார்சல் வந்தது. அதைச் சுற்றியிருந்த பேப்பர் இது. தெற்கிலே முகாமிலிருந்து பதினொரு பேரை விட்டிருக்கிறார்கள். ஒரு பாதிரியார் பொறுப்பில் வைத்திருக்கிறார்களாம். பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நிற்பவரைப் பாருங்கள். அது இவர். உங்கள் தம்பி இராசலிங்கம். பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. கார்த்திகையில் முகாம் கம்பிக்கு வெளியே நின்று ஒரு தரம் கண்டபிறகு இப்போதுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

பாதுகாப்புக்காகப் பெயர்களும் இடமும் போடவில்லை. தகப்பனோ சகோதரனோ கொழும்பில் பேப்பர்க் கந்தோருக்கு நேரில் போனால் இடத்தைச் சொல்வார்கள். அங்கே கையெழுத்து வைத்து அழைத்துப் போகலாம். ஆவணி முடியும்வரை யாரும் வராதவர்களைத் திரும்ப முகாமுக்கே கொண்டுபோய்விடுவார்களாம். மாமாவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என் கடிதத்தை உடைப்பதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடைப்பார். கொழும்புக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
கலாதேவி இராசலிங்கம்


கீல்
24.5.1984

கலாதேவிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. சுகமாக இருப்பதையிட்டுச் சந்தோஷம். நானும் நலமே.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. நோர்வேயின் வடக்கே, லொபோட்டன் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் ஓர்கா என்னும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள் கூட்டமாகத் திரிகின்றன. அவை மூச்சுவிட மேலே வரும் கணத்தில் படம் பிடிப்போம். முதுகுத் துடுப்பின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். துடுப்புக்குப் பின்னால், குதிரைக்குச் சேணம் போட்டதுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இராது. உருப்பெருக்கியின் கீழ் படத்தை வைத்து, இது பழைய ஆள், இது புது ஆள் என்று பிரித்து இலக்கம் போடுவது என் பொறுப்பு. நான் போட்ட இலக்கத்தை இதுவரை யாரும் மாற்றியதில்லை.

நீர் அனுப்பிய படத்தையும் அதே உருப்பெருக்கியின் கீழ்தான் வைத்தேன். தாடை ஒத்திருக்கிறது. காதும் ஒத்திருக்கிறது. ஆனால் இராசலிங்கத்துக்கு ஏழு வயதில் சைக்கிள் மோதிய தழும்பு இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். இந்த மனிதனுக்குத் தழும்பு வலது புருவத்தில் இருக்கிறது. இது என் தம்பி அல்ல. படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

அப்பாவுக்கும் அப்படியே எழுதிவிட்டேன். யாரோ ஒருவனுக்காக எழுபது வயதில் அவர் சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறத் தேவையில்லை. தடுப்பில் கிடந்த கணவனை விட்டுவிட்டு விமானம் ஏறிய உமக்கு இப்போது அவனைப் பேப்பரில் காண வேண்டியிருக்கிறது. அது உமது மனத்தின் சங்கதி.

நித்தியானந்தன்


டுசல்டோர்ஃப்
2.6.1984

அத்தானுக்கு,

உடம்பு சுகம். மனம் சுகமில்லை, அதற்கு மருந்து உங்களிடம் இருக்கிறது, தர மாட்டீர்கள்.

நான் விட்டுவிட்டு வந்தேனா? இவரைத் தேடி முகாம் வாசலுக்கு நான் நடந்த நடையில் ஒரு நாளாவது உங்களில் ஒருவர் கூட வந்தீர்களா? கடைசியாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இவர்தான் சொன்னார்: "அடுத்தது உம்மைத்தான் பிடிப்பாங்கள். போம். நான் வாறன்." அந்தச் சொல்லுக்காகப் போனேன்.

நீங்கள் இவரைக் கடைசியாகப் பார்த்தபோது இவருக்கு மீசை முளைக்கவில்லை. நான் அந்த முகத்துக்குப் பக்கத்தில் மூன்று வருடம் படுத்து எழும்பியவள். பேப்பர் மையில் தழும்பும் தெரியும், கறையும் தெரியும். நான் தழும்பைப் பார்க்கவில்லை, நிற்கிற விதத்தைப் பார்த்தேன். ஒரு கையால் மற்றக் கை முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதிரே நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவர்போல. உலகத்தில் வேறு யார் அப்படி நிற்கிறார்?

நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்று காலாகவே இருக்கட்டும். மாமா போய் நேரில் பார்த்துவிட்டு வரட்டும். இல்லையென்றால் இல்லை. போகவிடாமல் மறிப்பது என்ன நியாயம்? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்த ஒரு வரியை எழுத என் கை எவ்வளவு கூசுகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

கலாதேவி இராசலிங்கம்


கீல்
20.6.1984

கலாதேவிக்கு,

சுகமறிய ஆவல். நாளை மறுநாள் கப்பலேறுகிறேன், ஐப்பசிவரை கடலில்தான். ஆகவே இத்துடன் இந்த விஷயத்தை முடித்துக்கொள்வோம்.

என் அனுபவத்தில் ஆசையுள்ளவர்களே மோசமான சாட்சிகள். நோர்வேக்கார மீனவர்கள் எங்களிடம் வந்து, "இது என் கிழவன்தான், முப்பது வருடமாக என் படகோடு வருகிறான்" என்று சத்தியம் செய்வார்கள். படத்தில் பார்த்தால் அது மூன்று வெவ்வேறு திமிங்கிலங்களாக இருக்கும். அதனால்தான் எங்களிடம் கண்டிப்பான ஒரு விதி இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து எடுத்த படத்தை மட்டுமே கணக்கில் எடுப்போம். திட்டு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இராது. வலதையும் இடதையும் கலந்தால் எல்லாமே குழம்பிவிடும். நிற்கிற விதம், சாய்கிற விதம் எல்லாம் எங்கள் அட்டவணையில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இராசலிங்கம் தை மாதம் முகாமில் காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று அங்கிருந்து வந்த சோதிலிங்கம் என்ற பொடியன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா நம்புவதா விடுவதா என்று தவித்துக்கொண்டிருந்தார். ஊரில் யாரோ கொண்டுவந்து காட்டிய அதே பேப்பர்ப் படம் ஒன்றுதான் தடையாக இருந்தது. என் கடிதத்தோடு அதுவும் நீங்கியது. தருப்பையில் உருச் செய்து தகனம் பண்ணி, போன கிழமை கிரியைகளை முடித்துவிட்டார். தாலியைக் கழற்றுவது உமது பொறுப்பு. நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிறுவனத்துக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்திருக்கிறீர். இனி எடுக்க வேண்டாம்.

நித்தியானந்தன்


டுசல்டோர்ஃப்
29.6.1984

அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். என் கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றியில் பொட்டு இருக்கிறது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் புல்லில் உருச் செய்து கொளுத்திய வீட்டுக்கு நான் இனி மருமகள் இல்லை, ஆனால் இவருக்குப் பெண்சாதிதான்.

கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். உங்களிடம் நான் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

கலாதேவி இராசலிங்கம்


டுசல்டோர்ஃப்
14.10.1984

அத்தானுக்கு,

கரைக்கு வந்திருப்பீர்கள். பயணம் சுகமா? எத்தனை பேரை இந்த முறை அடையாளம் கண்டீர்கள்?

புஸ்பவதி அக்காவுக்கு அடுத்த பார்சல் வந்தது. அந்தப் பேப்பரில் நாலு வரிச் செய்தி. பதினொரு பேரில் ஏழு பேர் வீட்டாரோடு போய்விட்டார்கள். யாரும் தேடி வராத நாலு பேரைப் படையினர் லொறியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லையாம், தன் பெயரைக்கூடச் சொல்லவில்லையாம்.

நான் எனக்கு விதிக்கப்பட்ட நகர எல்லையைத் தாண்ட ஏலாது. தாண்டினால் என் அகதி விண்ணப்பம் போய்விடும் என்று கந்தோரில் சொல்கிறார்கள். இல்லையென்றால் அன்றைக்கே ரயில் ஏறி உங்கள் நிறுவன வாசலில் நின்று, எல்லோரும் கேட்கக் கேட்டிருப்பேன். உங்கள் கை நோகாமல் ஒரு ஆளைக் கொன்றுவிட்டீர்களா, அத்தான்?

கலாதேவி இராசலிங்கம்


கீல்
18.11.1984

கலாதேவிக்கு,

உமது கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உமது பக்கமும் அப்படித்தான் இருக்கும். ஹைமில் வெப்பமூட்டி வேலை செய்கிறதா?

நிறுவனத்தில் எனக்கு ஒரு தலையிடி. முப்பத்தொன்று என்று நான் இலக்கமிட்ட ஒரு ஆண் திமிங்கிலம் இருந்தது, துடுப்பு ஆள் உயரம். அது போன வருடத்திலிருந்து காணவில்லை. இறந்ததாகப் பதிந்துவிட்டோம். சித்திரையில் ஒரு மீனவர் தன் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். "இது உங்கள் முப்பத்தொன்று" என்று பின்னால் எழுதியிருந்தார். துடுப்பில் அதே வெட்டு, அதே வளைவு. சேணத் திட்டு மட்டும் வேறு. ஆகவே நான் அதை வேறு திமிங்கிலம் என்று முடிவுசெய்து அறுபத்தாறு என்று புது இலக்கம் கொடுத்தேன். மீனவருக்கு அவர் தவறு என்று நான்தான் கடிதமும் எழுதினேன்.

இப்போது அவர் அந்தப் பிலிம் சுருளையே அனுப்பிவிட்டார். படம் கழுவிய கடைக்காரன் பிலிமைப் புரட்டிவைத்து அச்சடித்திருக்கிறான். வலது பக்கம் இடது பக்கமாக விழுந்திருக்கிறது. எல்லாம் ஒத்திருந்தது, ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. நான் அந்த ஒன்றை நம்பினேன். பிறகு படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, முப்பத்தொன்றின் பழைய வலது பக்கப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுதான். இறந்ததாக எழுதிய விலங்கு உயிரோடு நீந்திக்கொண்டிருக்கிறது. மேலதிகாரி எல்லோர் முன்னிலும் கேட்டார். அறுபத்தாறை நானே அட்டவணையிலிருந்து வெட்டினேன்.

இதெல்லாம் உமக்குத் தேவையில்லாத கதை. ஏனோ எழுதத் தோன்றியது. உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

நித்தியானந்தன்


டுசல்டோர்ஃப்
21.11.1984

அத்தானுக்கு,

இன்று சுகம் விசாரிக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் தரம் வாசிக்கும்போது எழும்பிக் குளியலறைக்கு ஓடினேன். பேப்பர்த் துண்டைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். இவர் என்னைப் பார்த்தார். இடது புருவத்தில் தழும்பு. புஸ்பவதி அக்கா நான் கத்திய சத்தத்தில் கதவைத் தட்டினா.

இன்னொன்றும் பார்த்தேன். படத்தில் சட்டை போட்டு நிற்கும் எல்லோருக்கும் சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தையல்காரன் பையை மாற்றித் தைத்தானா? நானும் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் இவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நீங்கள் ஏன் பார்க்கவில்லை? உருப்பெருக்கியைப் புருவத்தில் வைத்தவர் ஒரு விரற்கடை கீழே இறக்கியிருந்தால் போதும்.

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தத் திமிங்கிலக் கதையை எனக்கு ஏன் எழுதினீர்கள்? உங்களுக்கு விளங்கியபிறகு, வாயால் சொல்ல வராமல், நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று எழுதினீர்களா? அல்லது எழுதி முடித்து ஒட்டித் தபாலில் போடும்வரை உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா? முதலாவது என்றால் நீங்கள் கோழை. இரண்டாவது என்றால் உங்கள் மனத்தில் ஒரு திமிங்கிலத்துக்கு இருக்கும் இடம்கூடத் தம்பிக்கு இல்லை. எது என்று சொல்லுங்கள்.

அதற்கு முதல் மாமாவுக்குத் தந்தி அடியுங்கள். என்மேல் உள்ள கோபத்தையெல்லாம் பிறகு தீர்க்கலாம்.

கலாதேவி இராசலிங்கம்


கீல்
24.11.1984

கலாதேவிக்கு,

உமது கடிதம் கிடைத்த அன்றே தந்தி அடித்தேன். அப்பாவின் பதில் இன்று வந்தது. செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் புறப்படுகிறார்.

நித்தியானந்தன்


கீல்
17.3.1985

அன்புள்ள கலாதேவிக்கு,

நீங்கள் சுகமா? தை மாதம் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. கோபம் நியாயம்தான்.

அப்பா இன்று ரெலிபோனில் பேசினார். முகாம் வாசலில் மூன்று மாதம் அலைந்த பிறகு போன வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டு தம்பியை விட்டார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான். அப்பாவைக் கண்டதும் "ஐயா" என்றானாம். அந்தப் பாதிரியார் வீட்டிலிருந்து இத்தனை காலத்தில் அவன் பேசிய முதல் சொல் அது என்று அங்கே நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு விமானச்சீட்டு எடுக்க ஒழுங்கு செய்கிறேன். அந்த வழியைக் கெதியில் மூடப்போகிறார்கள் என்று கேள்வி. பெர்லினுக்கு நான் போய் அவனைக் கூட்டி வரட்டுமா? உங்கள் சம்மதம் இல்லாமல் போக மாட்டேன்.

நீங்கள் கார்த்திகையில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை.

நித்தியானந்தன்


டுசல்டோர்ஃப்
9.6.1985

அத்தானுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். "நாங்கள் இருவரும்" என்று எழுதி இரண்டு வருடமாகிறது.

பெர்லினுக்கு உங்களை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியது நான்தான். இவர் தனியாக எல்லை கடந்து, பிடிபட்டு, பதிவு செய்து, நாலு கிழமை கழித்து இங்கே வந்து சேர்ந்தார். மெலிந்திருக்கிறார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் எழும்பி நிற்கிறார். ஒரு காது கேட்காது. முதல் தரம் முகாமிலிருந்து வந்தபோது இரண்டு காதும் நன்றாகக் கேட்டது என்று இவரே சொன்னார். புரட்டாதியில் திரும்பக் கொண்டுபோனபிறகுதான் அது போனது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இவருக்கு ஒன்றும் தெரியாது. மாமா உங்களைக் காப்பாற்றிவிட்டார். "உன்ரை அண்ணைதான் படத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சுத் தந்தியடிச்சவன், அதாலைதான் நான் வந்தனான்" என்று சொல்லியிருக்கிறார். தகனம் செய்ததையும் சொல்லவில்லை. இவர் அதை அப்படியே நம்பிக்கொண்டு ஹைம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். "அண்ணை கடலுக்குள்ளை போறதுகளையே முதுகைப் பாத்து ஆளைச் சொல்லுறவர். என்னைத் தெரியாமல் போகுமே?" புஸ்பவதி அக்கா என் முகத்தைப் பார்க்கிறா. நான், "ஓம், அவருக்குத் தெரியாமல் போகுமே" என்கிறேன். இவர் இதைத் தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு வசனத்துக்குமேல் பேசுவதில்லை.

தனக்குப் பக்கத்தில் இருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னார். என்ன எழுதுகிறீர் என்று கேட்டார். அத்தானை வரச்சொல்லி எழுதுகிறேன் என்றேன். அது பொய் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. நீங்கள் வந்ததும் இவர் உங்கள் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொல்வார். நீளமாகப் பேச இன்னும் ஏலாதபடியால் ஒரு கிழமையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் இடையில் மறிக்கக் கூடாது. அழக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சொன்னால் உங்களுக்குப் பாரம் இறங்கிவிடும், இவருக்கு அண்ணன் இல்லாமல் போய்விடும். அதற்கு நான் விட மாட்டேன். இவர் சொல்லி முடிக்கும்வரை நிமிர்ந்து நின்று, இவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

பிறகு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
கலாதேவி இராசலிங்கம்